கழுத்துக்குப் போட்ட மார்க்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டை எனக்குக் கொடுத்தது ஜெபசீலி என்ற பெண். பிசியோதெரபி மேற்படிப்பு படிக்கிறாள். தலையைக் குனிந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு வருகிற கழுத்து வலி அவர்களுடைய வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கிறது என்று அளந்து பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. பாளையங்கோட்டை முழுக்கக் குனிந்த தலைகளைத் தேடி அலைந்து, கடைசியில் எங்கள் கலர் லேபுக்கு வந்திருக்கிறாள். முதலாளி அண்ணாச்சி கொஞ்சம்கூட யோசிக்காமல் என்னைக் கைகாட்டிவிட்டார்.

"தினமும் ரெண்டு வரி எழுதுங்க சார். கழுத்து எப்படி இருந்துச்சு, அன்னைக்கு என்ன செஞ்சீங்க. அவ்வளவுதான்" என்றாள்.

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன். காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் ஊரார் கல்யாணம்தான். மாப்பிள்ளைக்கு இரட்டைத் தாடை இருந்தால் ஒற்றையாக்குவேன். கண்ணை மூடிக்கொண்ட மாமாவுக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்து வைப்பேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. இதை ஜெபசீலி கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

நோட்டோடு கொடுத்த கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் சுலபமாகப் பதில் சொல்லிவிட்டேன். படிக்கும்போது சிரமமா? நான் படிப்பதில்லை, சிரமம் இல்லை. வண்டி ஓட்டும்போது? டவுன் பஸ்ஸில் போகிறேன், சிரமம் இல்லை. பொழுதுபோக்கு? அப்படி ஒன்றும் கிடையாது, சிரமம் இல்லை. இதில் மார்க் கூடினால் மோசம், குறைந்தால் நல்லதாம். எனக்கு அநேகமாக முட்டை.

"உங்க வாழ்க்கைத் தரம் ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது.

வீட்டில் மதினியிடம் சொன்னேன். மதினி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் பாதிப் புளித்தண்ணீர் தரையில்.

ஜூன் 4, புதன்

வலி இருந்தது. மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் கொடுத்தேன்.

ஜூன் 7, சனி

காலை ஏழு மணிக்கு ஜெபசீலியின் கல்லூரியில் முதல் உடற்பயிற்சி வகுப்பு. ஜவுளிக்கடை பில் போடுகிறவர், பல் டாக்டர், கைபேசி பழுது பார்க்கிறவர் என்று ஒரு கூட்டம். எல்லோரும் எதையோ கீழே தொலைத்துவிட்டு வந்த மாதிரி நின்றோம்.

இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து பயிற்சி. ஒருவர் செய்யும்போது மற்றவர் பக்கவாட்டில் நின்று கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள் ஜோடி. ஜெபசீலி பட்டியலைப் பார்த்து, "பூரணவல்லி அக்கா, உங்களுக்கு கோமதி" என்றாள். நான் கை தூக்கினேன்.

முழுப் பெயர் கோமதிநாயகம். அண்ணாச்சிக்கு முழுப் பெயர் எழுதச் சோம்பல்.

ஜெபசீலிக்கு முகம் சிவந்துவிட்டது. மாற்றிவிடுகிறேன் என்று பட்டியலைப் புரட்டினாள். அந்தப் பூரணவல்லி என்பவர், "இருக்கட்டும்மா. கழுத்துல என்ன ஆம்பளைக் கழுத்து, பொம்பளைக் கழுத்து" என்றார். பல் டாக்டர் சிரித்தார்.

முதல் பயிற்சி, தலையைக் குனியாமல் தாடையை மட்டும் உள்ளே இழுப்பது. செய்தால் இரட்டைத் தாடை விழுகிறது. தினமும் நான் மற்றவர்களுக்கு எதை அழிக்கிறேனோ அதை என் முகத்தில் நானே வரவழைத்து நின்றேன்.

"இன்னும் உள்ள இழுங்க சார். ஆமை மாதிரி" என்றார் பூரணவல்லி.

அவர் சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே பத்திரம் டைப் அடிக்கிறவர். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயது இருக்கலாம். தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. மேஜையின் இடப்பக்கம் மூலப்பத்திரத்தை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து அடித்ததில் வந்ததாம்.

ஜூன் 10, செவ்வாய்

தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். கண்டக்டர், "என்ன சார், நெஞ்சு கரிக்குதா?" என்று கேட்டார்.

ஜூன் 14, சனி

இரண்டாம் வகுப்பு. சட்டை புதிது. தள்ளுபடியில் கிடைத்தது, அதனால் வாங்கினேன்.

பூரணவல்லி நன்றாகப் பேசுகிறார். நாள் முழுக்கப் பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லை அடித்து அடித்து, கனவில்கூடத் தன் வீட்டுக்கு வடக்கே யார், தெற்கே யார் என்று வருகிறதாம். வீட்டில் அவரும் அவருடைய அப்பாவும் மட்டும். கல்யாணமாகிச் சில வருஷம் தூத்துக்குடியில் இருந்தார். பிறகு கோர்ட்டில் முடிந்துவிட்டது. இதையெல்லாம் மின்தடை நேரத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"நீங்க என்ன செய்யுதீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப ஊர்ல உள்ள கல்யாணமெல்லாம் உங்க கை வழியாத்தான் போவுதா?"

"எல்லாம் இல்ல. நல்லா இல்லாத படங்கள் என்கிட்ட வரும்."

"பண்ணி முடிச்சதும் நல்லா ஆயிருமா?"

"படம் ஆயிரும்."

அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாக எதுவும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கழுத்து பரவாயில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தார்ப்பாயை விலக்கி பைக்கைத் துடைத்தேன். பின்னால் வருகிற வண்டியைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வராமல் எப்போதோ ஓரம்கட்டியது. அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தான். சனிக்கிழமை காலையில் பஸ் சரியாகக் கிடைப்பதில்லை என்றேன். அது உண்மைதான். அந்த வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும், ஆனால் கூட்டம்.

ஜூன் 22, ஞாயிறு

சாரல் விழுகிறது என்று அண்ணன் குடும்பத்தோடு குற்றாலம் போனேன். நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். அருவிக்கு நேரே நின்று உச்சியைப் பார்க்கலாம் என்று தலையைத் தூக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. கழுத்து அதற்கு மேல் போகவில்லை. இத்தனை வருஷமாக அருவியின் இடுப்புக்குக் கீழேதான் பார்த்து வந்திருக்கிறேன் போல. இதுவரை அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. இன்றைக்கு எரிச்சலாக வந்தது.

மதினி, "உச்சியில அப்படி என்ன இருக்கு? தண்ணிதான வருது" என்றாள்.

நேற்று வகுப்பில் பூரணவல்லியிடம் குற்றாலம் போகப் போவதாகச் சொல்லியிருந்தேன். "மேல தண்ணி ரெண்டாப் பிரிஞ்சு வாற இடத்தைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றிருந்தார். பார்க்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது?

ரம்புட்டான் பழம் வாங்கினேன். மதினிக்கு ஒரு பை. இன்னொரு பை சும்மா.

ஜூன் 26, வியாழன்

இன்றைக்கு ஒரு வேலை வந்தது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு பெரியவர், பென்டிரைவோடு. அவருடைய இளைய மகனின் கல்யாண ஆல்பம் மழையில் ஊறிக் கெட்டுப்போய்விட்டதாம். புதிதாகப் போட வேண்டும். கூடவே ஒரு திருத்தம். மூத்த மருமகளை எல்லாப் படத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.

"இப்ப உறவு இல்ல தம்பி. மூத்தவனுக்குக் கட்டி வாற புது மருமக பாத்தா சங்கடப்படும்" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

இது எனக்குப் புதிய வேலை இல்லை. எத்தனையோ பேரை எடுத்திருக்கிறேன். சண்டை போட்ட சித்தப்பா, ஓடிப்போன தங்கை, வியாபாரம் பிரிந்த கூட்டாளி. யார், என்ன என்று கேட்பதில்லை. அவர்கள் நின்ற இடத்தில் ஒரு வாழைமரமோ திரைச்சீலையோ வந்துவிடும்.

பெரியவர் திரையில் விரலை வைத்து, "இந்தா, இவதான்" என்றார்.

தலை நேராக இருந்தது. அப்போது சாயவில்லை. அதனால் ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை. கழுத்தில் கடுமையான வலி.

ஜூன் 28, சனி

காலையில் வகுப்புக்குப் போகும் முன்பே அண்ணாச்சியை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். அந்த வேலையை என்னால் செய்ய முடியாது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன்.

"ஏன்?"

"தெரிஞ்சவங்க."

"யாரு, பெரியவரா?"

"இல்ல. எடுக்கச் சொல்லுத ஆளு."

அண்ணாச்சி கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "நீ செய்யலேன்னா நம்ம சுடலைதான் செய்வான். அவன் வேலை எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். யோசிச்சுச் சொல்லு" என்றார்.

சுடலை வேலை எனக்குத் தெரியும். ஆளை எடுத்துவிட்டு நிழலை விட்டுவிடுவான்.

வகுப்பில் எனக்குத் தாடையும் உள்ளே போகவில்லை, தோளும் பின்னால் போகவில்லை. "இன்னைக்கு என்ன, விறகுக்கட்டை மாதிரி நிக்கீங்க?" என்றார் பூரணவல்லி. வகுப்பு முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னேன். சொல்லக்கூடாதோ என்று தோன்றியது. தெரியாத மாதிரி அவர் பக்கத்தில் நின்று கழுத்தை நேராக்கிக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். மூடினார்.

"நீங்களே செய்யுங்க" என்றார்.

"என்னால..."

"நல்லா செய்யுதவங்க செய்யட்டும். அவங்க வீட்டு ஹால்ல ஒரு பெரிய படம் மாட்டியிருக்காங்க. அதுல ஏற்கெனவே யாரோ என்னை எடுத்துட்டாங்க. எங்க சித்தி மக பாத்துட்டு வந்து சொன்னா. கொழுந்தனார் பிள்ளை தோள்ல என் கை மட்டும் அப்படியே இருக்காம். வளையலோட. நினைச்சுப் பாருங்க, வாரவன் போறவனெல்லாம் அது யாரு கைன்னு கேட்டுட்டு இருப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அந்த ஆல்பத்துல இருக்க ஆசை இல்ல. போறதுன்னா முழுசாப் போயிரணும். கை, கால், நிழல் எதையும் அங்க விடாதீங்க."

"சரி" என்றேன்.

கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "அன்னைக்குக் கட்டியிருந்த சேலை நல்ல சேலை. எனக்கு அதுல ஒரு படம்கூடக் கிடையாது. எடுத்ததுல ஒண்ணு எனக்குத் தருவீங்களா?"

ஜூன் 30, திங்கள்

வேலையை ஆரம்பித்தேன்.

அந்தக் கல்யாணத்தில் அவர்தான் எல்லா வேலையும் செய்திருக்கிறார். தாம்பாளம் தூக்குகிறார். குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றுகிறார். ஒரு குழந்தைக்கு ஷூ மாட்டுகிறார். சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார். யாரோ ஒரு பெரியம்மாவுக்குச் செருப்பைத் தேடிக் கொடுக்கிறார். பெரும்பாலான படங்களில் தலை குனிந்துதான் இருக்கிறது. டைப் அடித்ததால் மட்டும் வந்த வலியாக எனக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்தேன். அவரை எடுத்ததும் தாம்பாளம் காற்றில் நிற்கிறது, அதையும் எடுக்க வேண்டியிருந்தது. ஷூ மாட்டுகிற குழந்தை ஒற்றைக்காலில் சும்மா நின்றது, அந்தப் படத்தையே விட்டுவிட்டேன். அவர் போகப்போகக் கல்யாணத்தில் வேலை செய்ய ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஒரே ஒரு படத்தில் நிமிர்ந்து எங்கேயோ பார்த்துச் சிரிக்கிறார். மாம்பழ நிறப் பட்டு, அரக்குக் கரை. அதைத் தனியாக எடுத்து வைத்தேன். அதில் நான் கை வைக்கவில்லை. நெற்றியில் வியர்வை, கலைந்த முடி எல்லாம் அப்படியே இருக்கட்டும். பின்னணியில் என்ன போடுவது என்று யோசித்து, கடைசியில் ஒன்றும் போடவில்லை. வெறும் வெளிர் சாம்பல்.

பயிற்சியை மறக்காமல் செய்தேன்.

ஜூலை 5, சனி

படத்தைக் கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எதுக்குச் சிரிச்சேன்னு ஞாபகம் இருக்கு. நாதஸ்வரக்காரர் வாசிச்சிட்டு இருக்கும்போதே தும்மிட்டாரு" என்றார். பிறகு, "அங்க சுத்தமா எடுத்தாச்சா?" என்றார்.

"ஒண்ணும் விடல."

"நல்லது."

கைக்குட்டையால் படத்தின் மேல் இல்லாத தூசியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கழுத்தை நேராக்கிப் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. அப்ப நேராத்தான் இருந்துச்சு."

பயிற்சி முடியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. ஆனாலும் நல்ல வகுப்பு.

ஜூலை 12, சனி

கடைசி வகுப்பு. மறுபடி அதே கேள்வித்தாள்.

ஜெபசீலி என் தாளைக் கூட்டிப் பார்த்தாள். மறுபடி கூட்டினாள். "சார், எல்லாருக்கும் மார்க் குறைஞ்சிருக்கு. உங்களுக்கு மட்டும் ஏறியிருக்கு" என்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. "வலி கூடிருச்சா?"

"இல்லம்மா. ரொம்பக் குறைஞ்சிருக்கு."

"அப்ப வண்டி ஓட்டக் கஷ்டம்னு போட்டிருக்கீங்க?"

"இப்ப ஓட்டுதேன். வலது பக்கம் திரும்பிப் பாக்கக் கஷ்டமா இருக்கு."

"படிக்கக் கஷ்டம்?"

"லைப்ரரியில ஒரு புஸ்தகம் எடுத்தேன். கொஞ்ச நேரத்துக்கு மேல முடியல."

"பொழுதுபோக்கு... ரொம்பப் பாதிப்பு?"

"குற்றாலத்துல உச்சியைப் பாக்க முடியல."

"அப்ப முதல் தடவை எல்லாத்துக்கும் சிரமம் இல்லன்னு போட்டதுதான் தப்பா?" என்றாள் ஜெபசீலி.

பக்கத்தில் தன் தாளை நிரப்பிக்கொண்டிருந்த பூரணம் தலையைத் தூக்கினார். "தப்பு இல்லம்மா. அப்ப இவருக்கு எதுவும் வேண்டியிருக்கல."

ஜெபசீலி பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "இதை நான் எங்க மேடம்கிட்ட எப்படிக்கா எழுதிக் காட்டுவேன்? அவங்க நம்பர் கேப்பாங்க" என்றாள்.

எல்லோருக்கும் டீயும் பப்ஸும் கொடுத்தார்கள். பல் டாக்டர் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கலாம் என்றார். வேண்டாம், அதையும் குனிந்துதான் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து மறுத்தோம். பூரணம் என்னிடம், "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் "வாரேன்" என்றேன். எங்கே என்று இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சிலிண்டர் மாற்றினேன். வலி இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 14, திங்கள்

மதினி சாப்பாடு போடும்போது, "சனிக்கிழமை இனிமே காலையில எங்கயும் போக வேண்டாம், இல்லையா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப அந்தப் புதுச் சட்டையை வேட்டிக்குப் போட்டுக்கிடுங்க தம்பி, சும்மா மடிச்சு வைக்காதீங்க" என்றாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ரம்புட்டான் வாங்கிட்டுப் போனீங்களே, அவங்களுக்குப் பிடிச்சுதா?" என்றாள்.

பிடித்தது என்றேன். இன்னொரு அப்பளம் வைத்தாள்.

ஜூலை 16, புதன்

மத்தியானம் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. போகிற வழியில் ஒரு வேலையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை.

பூரணம் அடித்துக்கொண்டிருந்தார். மூலப்பத்திரம் இப்போது கண்ணுக்கு நேராக ஒரு தாங்கியில் நிற்கிறது. என்னைப் பார்த்ததும், "என்ன பத்திரம்?" என்றார்.

"பத்திரம் இல்ல."

"அப்ப?"

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னென்ன சொல்ல வேண்டும் என்று பைக்கில் வரும்போது நன்றாக அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் கடைசியில் இருந்தது முதலில் வந்துவிட்டது.

"உங்களுக்குச் சம்மதம்னா எங்க அண்ணனையும் மதினியையும் உங்க அப்பாகிட்ட வந்து பேசச் சொல்லலாம்னு இருக்கேன்."

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவுவதை நிறுத்தினார். நான் பார்த்ததும் மறுபடி கழுவினார்.

பூரணம் எழுந்து போய்விடவில்லை. டீயை ஆற்றினார்.

"எனக்கு இதுக்கு முன்னாடி ஒரு தடவை, கேசரி ஆறுததுக்குள்ள எல்லாம் முடிவு பண்ணிட்டாங்க. நானும் தலையாட்டிட்டேன்" என்றார். "இந்தத் தடவை நான் அவசரப்பட மாட்டேன்."

"சரி."

"வேண்டாம்னு சொல்லலை. அதைச் சரியாக் கேட்டுக்கிடுங்க."

"கேட்டுக்கிட்டேன்."

"தினமும் காலையில நான் வ.உ.சி. மைதானத்துல நடக்கேன். ஜெபசீலி நடக்கச் சொல்லியிருக்கா. நீங்களும் வாங்க. ஒரு மழைக்காலம் போகட்டும். பேசிட்டே நடப்போம். உங்களுக்குக் கோபம் வந்தா எப்படி இருப்பீங்கன்னு நான் பாக்கணும்."

"எனக்குக் கோபம் அவ்வளவா வராது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க" என்றார் பூரணம். டீக்கு அவரே காசு கொடுத்தார். நான் பர்ஸை எடுத்ததைப் பார்த்து, "இதுக்குக் கோபம் வருதான்னு பாக்கேன்" என்றார்.

வரவில்லை. லேபுக்கு வந்து ஒரு மணமகளுக்கு மூன்று முறை பொட்டு வைத்துவிட்டேன். அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார்.

ஜூலை 17, வியாழன்

விடிந்ததும் மைதானம். லேசான காற்று. பூரணம் எனக்கு வலப்பக்கம் நடந்தார். அப்பாவுக்குச் சர்க்கரை, வீட்டு ஓனர் வெள்ளையடிக்காமல் இழுத்தடிப்பது, மாடியில் வைத்த கருவேப்பிலை துளிர்த்தது, எல்லாம் பேசினார். நான் என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. பேசியிருக்கிறேன், ஏனென்றால் இரண்டு தடவை சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கழுத்து வலப்பக்கம் பிடித்துக்கொண்டது தெரிந்தது. சுற்று முழுக்க அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

மதினி தைலம் எடுத்துக் கொடுத்தாள். நாளைக்கு அவருக்கு வலப்பக்கம் போய் நடக்க வேண்டும்.